புதிய ஜனாதிபதியை எந்த அளவுகோலால் அளப்பது?

இலங்கையில் ஒருவர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுவாரமே இரண்டு விதமான பேச்சு கேட்கத் தொடங்கிவிடும். "இனி எல்லாம் மாறிவிடும்" என்பது ஒன்று. "யார் வந்தாலும் ஒன்றுதான், எதையும் எதிர்பார்க்காதே" என்பது மற்றது. 2015இலும் கேட்டோம், 2019இலும் கேட்டோம், 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க வென்றபோதும் கேட்டோம். முதல் பேச்சு ஒரு வருடத்துக்குள் கசப்பாக மாறிவிடுகிறது. இரண்டாவது பேச்சு அதைவிட மோசம். செய்யக்கூடியதையே செய்யாமல் விட்டவரையும் கேள்வி கேட்காமல் போகவிடுகிறது.

நிதானமாக எதிர்பார்க்க வேண்டுமென்றால், எதைக் கொண்டு அளக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மக்கள் பேச்சிலும் ஊடகங்களிலும் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: நூறு நாள் கணக்கு, தேர்தல் விஞ்ஞாபனத்தை வைத்துச் சரி பிழை போடுவது, ஜனாதிபதியின் கையில் உள்ள அதிகாரத்தைப் பார்த்து எதிர்பார்ப்பை வகுப்பது. நான் மூன்றாவதன் பக்கம். "போனவரைவிட இவர் பரவாயில்லை" என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. போனவர் எவ்வளவு மோசமோ அந்த அளவுக்கு இவருக்குச் சலுகை கொடுக்கும் கணக்கு அது, அதை விட்டுவிடலாம்.

நூறு நாள் கணக்கு

இந்தக் கணக்கு 1933இல் அமெரிக்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு தொடங்கியது. வங்கிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த நேரம் அது. பதவியேற்ற கையோடு காங்கிரஸின் விசேட அமர்வைக் கூட்டி, சுமார் நூறு நாளில் பதினைந்து பெரிய சட்டங்களை நிறைவேற்றினார். இரு சபைகளிலும் அவருடைய கட்சிக்குப் பெரும் பெரும்பான்மை இருந்தது, நாடும் நெருக்கடியில் இருந்தது. அந்தச் சூழல் இல்லாத நாடுகளிலும் அந்த எண் மட்டும் நிலைத்துவிட்டது.

இலங்கையில் அதை வெளிப்படையாகவே கையிலெடுத்தவர் மைத்திரிபால சிறிசேன. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த தேர்தலில் 51.28 வீத வாக்குகளுடன் வென்று, மறுநாளே பதவியேற்றார். நூறு நாள் வேலைத்திட்டம் என்ற பெயரில் எதை எப்போது செய்வேன் என்று நாட்காட்டி போட்டே கொடுத்திருந்தார். சரி, என்ன நடந்தது? ஜனவரியிலேயே பெற்றோல் லீற்றர் 150 ரூபாவிலிருந்து 117 ரூபாவுக்கு இறங்கியது. அரச ஊழியருக்கு 10,000 ரூபா சம்பள உயர்வு அறிவிக்கப்பட்டது. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் சிறுபான்மையாக இருந்தும், ஏப்ரல் 28ஆம் திகதி 19ஆவது திருத்தம் 212 வாக்குகளோடு நிறைவேறியது. ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது, இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாதென்ற வரம்பு திரும்பியது, தகவல் அறியும் உரிமை அடிப்படை உரிமையானது. நூறாம் நாள் கடந்து ஒன்பது நாள் தாமதம், அவ்வளவுதான். நூறு நாள் கணக்கில் பார்த்தால் சிறிசேன நல்ல புள்ளியோடு தேறிவிடுவார்.

ஆனால் அதே நூறு நாளுக்குள்தான், பெப்ரவரி 27ஆம் திகதி, மத்திய வங்கியின் சர்ச்சைக்குரிய பிணைமுறி ஏலமும் நடந்தது. அந்த அரசாங்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட 'நல்லாட்சி' என்ற பெயருக்கே அது தீராத களங்கமாகிப் பின்னால் ஆணைக்குழு வரை போனது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அதே சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார், பிறகு பாராளுமன்றத்தையும் கலைத்தார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் டிசம்பர் 13ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது, அவரே தன் நூறு நாளில் முன்னின்று கொண்டுவந்த 19ஆவது திருத்தம்.

ஆகவே நூறு நாளில் தெரிவது ஓர் ஆட்சியின் வேகமும் முன்னுரிமையும். யாரை எந்தப் பதவியில் வைக்கிறார், எதை முதலில் தொடுகிறார் என்பதையும் பார்க்கலாம். ஐந்து வருடத்தில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

விஞ்ஞாபனத்தில் சரி பிழை போடுவது

இது பார்க்க நேர்மையானது. சொன்னாய், செய்தாயா? வாக்காளருக்கு இருக்கும் இயல்பான உரிமை இது, நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் இதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை கோட்டாபய ராஜபக்சவின் ஆட்சி எங்களுக்கு வயிற்றில் அடித்துக் கற்பித்தது.

2019 நவம்பரில் 52.25 வீதத்தோடு வென்றவர் அவர். வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைப்பேன் என்பது அவருடைய வாக்குறுதி. பதவியேற்று இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 1ஆம் திகதியே, அதைச் செய்தார். வேறு வரிகளும் கூடவே போயின. விஞ்ஞாபனத்தோடு ஒத்துப்பார்த்தால் நூற்றுக்கு நூறு. அரசின் வருமானம் சரிந்தது, கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் தரத்தைக் கீழிறக்கின, வெளிநாட்டுச் சந்தைகளில் புதிதாகக் கடன் வாங்கும் வழி அடைபட்டது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

உரம் இன்னொரு உதாரணம். பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று விஞ்ஞாபனம் சொன்னது. 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார். சொன்னதைச் செய்ததாகவும் கணக்குக் காட்டலாம், சொன்ன விதத்தில் செய்யவில்லை என்றும் சொல்லலாம். வயல் விளைச்சலில் விழுந்த அடி இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். தடையை நவம்பரில் நீக்கியபோது பெரும்போகம் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்பதற்கு முன் இந்த வாக்குறுதி நிறைவேறத்தான் வேண்டுமா, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும் என்பதே. 2019இல் வரிக்குறைப்பைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலான வாக்காளரின் காதில் அது ஏறவில்லை.

அதிகாரத்தைப் பார்த்து எதிர்பார்ப்பது

மூன்றாவது வழியில் ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் ஒரு கேள்வியோடு தொடங்குகிறோம்: இதைச் செய்ய ஜனாதிபதிக்கு என்ன வேண்டும்? பணமா, சாதாரணப் பெரும்பான்மையா, மூன்றில் இரண்டும் சர்வஜன வாக்கெடுப்புமா, அல்லது வெறும் கையெழுத்தா? பதிலுக்கு ஏற்ப எதிர்பார்ப்பு கூடவும் வேண்டும், குறையவும் வேண்டும்.

அநுர குமாரவை இப்படிப் பார்ப்போம். 2019இல் 3.16 வீதம் பெற்றவர், 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் பெற்று, விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பிறகு வென்றார். இலங்கையில் இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது அதுவே முதல் தடவை. பதவியேற்றபோது பாராளுமன்றத்தில் அவருடைய அணிக்கு மூன்று ஆசனங்கள்தான். நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தலில் அந்த அணியான தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பிடித்தது. மூன்றில் இரண்டு என்பது 150.

பண விஷயத்தில் அவருடைய கை கட்டுப்பட்டிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் நாலு வருடத் திட்டம் 2023 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. சர்வதேசப் பிணைமுறிக்காரர்களுடனான கொள்கை அளவிலான இணக்கம், வாக்களிப்புக்கு இரண்டே நாள் முன்பு, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலின் ஆட்சியில் எட்டப்பட்டது. அதை மீண்டும் பேசுவோம் என்று தேர்தல் மேடையில் சொன்னாலும், வென்ற பின் பெரும்பாலும் அப்படியே ஏற்று டிசம்பரில் முடித்துக்கொண்டார்கள். ஏமாற்றிவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் மறுபடி பேசப் போயிருந்தால் கடன் மறுசீரமைப்பு இன்னும் தள்ளிப்போயிருக்கும், அந்த விலையைக் கொடுத்திருக்கப்போவது நாங்கள்தான். இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

மின்கட்டணமும் அப்படியே. மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்றார்கள். 2025 ஜனவரியில் சராசரியாக 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் ஏறியது. செலவை ஈடுகட்டும் விலையே இருக்க வேண்டும் என்பது நாணய நிதியத்தின் நிபந்தனை. குறைப்பேன் என்று சொல்லும்போதே அந்த நிபந்தனை இருந்தது. எனவே குற்றம் கட்டணம் ஏறியதில் அல்ல, அப்படியொரு வாக்குறுதி கொடுத்ததில்தான். அதேசமயம், 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாத வருமானவரி விலக்கு எல்லையை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக்கியதும், அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து கட்டம் கட்டமாக 40,000 ஆக்க முடிவெடுத்ததும் அதே கட்டுக்குள் நின்றே செய்யப்பட்டவை. அப்புறம் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்து அறுநூறு பேருக்கு மேல் பலியெடுத்தது. எந்த விஞ்ஞாபனத்திலும் இல்லாத செலவு அது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு பண விஷயத்தில் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வது நியாயம்.

இனி மறுபக்கம். பணம் தேவைப்படாத, கடன் கொடுத்தவர்கள் தடுக்காத விஷயங்கள் இருக்கின்றன. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் அந்த வகை. 2025 செப்டெம்பரில் நிறைவேறியது. சொன்னார்கள், அதிகாரம் இருந்தது, செய்தார்கள். அப்படியானால் அதே அதிகாரம் போதுமான மற்றவை ஏன் நடக்கவில்லை என்று கேட்பதில் தவறு என்ன?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுங்கள். 1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாகிப்போன சட்டம் அது. நீக்குவோம் என்று தேசிய மக்கள் சக்தி எழுத்திலேயே சொல்லியிருந்தது. நீக்கப் பணமும் வேண்டாம், மூன்றில் இரண்டும் வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். 2025 முடியும்வரை பழைய சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில் கொழும்பில் ஸ்டிக்கர் ஒட்டியதாக ஓர் இளைஞர் அதே சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். அத்தகைய தடுப்பு உத்தரவில் கையெழுத்திடுபவர் பாதுகாப்பு அமைச்சர். அந்த அமைச்சு ஜனாதிபதியிடமே இருக்கிறது. "அவருக்கு இன்னும் காலம் கொடுங்கள்" என்ற வாதம் திறைசேரிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

வடக்கின் எதிர்பார்ப்பையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமாரவுக்குக் கிடைத்தது 27,086 வாக்கு. எட்டு வாரத்துக்குள் பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 80,830 வாக்கும், ஆறில் மூன்று ஆசனமும். சந்தேகத்தோடு இருந்தவர்கள் ஒரு தடவை நம்பிப் பார்ப்போம் என்று போட்ட வாக்குகள் அவை. 2025 ஏப்ரலில் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தினூடாக வசாவிளான் பக்கம் செல்லும் வீதி திறக்கப்பட்டது. பகலில் மட்டும், இடையில் நிற்கக்கூடாது, நடந்து போகக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. அதற்கு முந்திய மாதம்தான் வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்தில் உரிமை நிரூபிக்கச் சொல்லி வர்த்தமானி வெளியானது. போரில் உறுதிப்பத்திரங்களையே இழந்த மக்களிடம் அப்படிக் கேட்டது பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, அரசாங்கம் அதை மீளப்பெற்றது. மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் நாடு முழுக்க தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 61 வீதத்திலிருந்து சுமார் 43 வீதத்துக்கு இறங்கியது, வடக்கில் தமிழரசுக் கட்சி திரும்ப எழுந்தது.

இந்த அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு. அதிகாரம் காகிதத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல. பராக் ஒபாமா பதவியேற்று இரண்டாம் நாள், 2009 ஜனவரி 22ஆம் திகதி, குவாண்டனாமோ சிறையை ஒரு வருடத்துக்குள் மூடும்படி உத்தரவில் கையெழுத்திட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்கு மாற்றப் பணம் தர காங்கிரஸ் மறுத்தது, எட்டு வருடம் கழித்து அவர் போகும்போதும் 41 பேர் உள்ளே இருந்தார்கள். எனவே கையெழுத்து போதும் என்று தோன்றும் இடத்திலும், அதைத் தடுக்கக்கூடியவர் யார் என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட வேண்டும். இராணுவத்திடமுள்ள காணி விஷயத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதை மூன்று கணக்கிலும் போட்டுப் பாருங்கள். நூறு நாள் கணக்கில் அநுர குமார தோல்வி, ஏனென்றால் தொடவேயில்லை. விஞ்ஞாபனக் கணக்கில் இன்னும் தீர்ப்பில்லை, பதவிக்காலம் ஐந்து வருடம். அதிகாரக் கணக்கில் 150 என்ற எண் கையில் இருக்கிறது, சர்வஜன வாக்கெடுப்பும் தேவைப்படுகிறது. அதற்கு மக்களைத் தயார்செய்ய வேண்டும், வரைவு வேண்டும். அதனால் இதை உடனே எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் பதவிக்காலத்தின் பாதி வரும்போது மேசையில் ஒரு வரைவாவது இருக்க வேண்டும்.

மாகாண சபைத் தேர்தலை நான் அந்த வரிசையில் வைக்கவில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே 139 பேர் எதிராக வாக்களித்து, ஆதரவாக ஒருவரும் இல்லாமல், நிராகரித்தது. அன்றிலிருந்து தேர்தல் அந்தரத்தில் நிற்கிறது. பழைய விகிதாசார முறையிலேயே நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். நாணய நிதியத்தின் அனுமதி அதற்குத் தேவையில்லை, சர்வஜன வாக்கெடுப்பும் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆளும் கட்சியிடம் 159 பேர் இருக்கிறார்கள்.