ஹுங் காரா, விங் சுன்னா? காலைப் பாருங்கள்

"தெற்கே கை, வடக்கே கால்" என்பது சீனக் குங்ஃபூ வட்டாரத்தில் பழகிப்போன பேச்சு: தென்சீனப் பாணிகள் கையை நம்பும், வடசீனப் பாணிகள் காலை நம்பும் என்று அர்த்தம். தெற்கே இருக்கும் குவாங்டாங் மாகாணத்துக் குங்ஃபூ பாணிகளான ஹுங் காரையும் விங் சுன்னையும் இந்தக் 'கை' கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனக்கென்னவோ, இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது.

ஹுங் காருக்கு அஸ்திவாரம் குதிரை நிலை. பாதங்கள் நன்றாக அகன்று நிற்க, தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கி உட்கார வேண்டும். ஹுங் கார் ஆசான் வோங் ஃபே ஹுங், அவர் சீடர் லாம் சாய் விங் வழியில், 'புலியை அடக்கும்' படிவத்தின் (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பின்) ஆரம்பம் இப்படி உட்கார்ந்தபடியே நீளும். கைகளை இறுக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வருபவருக்குச் சீக்கிரமே தொடை நடுங்கிவிடும். குத்து விடும்போது குதிரை, வில் நிலையாக மாறும்: பின்கால் நீளும், இடுப்பு திரும்பும், உடம்பின் எடை முஷ்டிக்கு வந்து சேரும்.

ஆசான் இப் மான் ஹாங்காங்கில் பரப்பிய விங் சுன் நேர் எதிர். நிமிர்ந்த உடம்பு, குறுகிய அகலம், பாதநுனியும் முட்டியும் உள்நோக்கி. முதல் படிவமான சியூ நிம் தாவில் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. திரும்புவது, நகர்வது, உதைப்பது எல்லாம் இரண்டாவதான சும் கியூவில்தான். அடியும் சின்னது: முன்கால் நகரும், பின்கால் இழுபட்டு வந்து சேரும்.

உதையில்தான் விஷயமே. இரண்டிலும் உதை பெரும்பாலும் இடுப்பைத் தாண்டாது. ஆனால் ஆழமான குதிரையில் உட்கார்ந்திருப்பவர் எடையை ஒரு காலுக்கு மாற்றாமல் மற்றதைத் தூக்க முடியாது. அதற்குத்தான் பூனை நிலை: எடை பின்காலில், முன்கால் நுனி மட்டும் தரையைத் தொடும். அந்த மாற்றம் எதிராளி கண்ணில் பட்டுவிடும். அதை மறைக்கக் கைகள் மேலே பரபரப்பு காட்டும். வோங் ஃபே ஹுங்கின் 'நிழலில்லா உதை'க்கும் இதே விளக்கத்தைத்தான் சொல்வார்கள். அந்தரத்தில் பறப்பதெல்லாம் சினிமா. விங் சுன்காரருக்கு இந்தச் சுற்று வேண்டாம். எதிராளியின் கையைத் தன் கையால் சிக்கவைத்தபடியே, தரையிலிருந்து நேராகக் கணுக்காலுக்கோ முட்டிக்கோ கால் போகும்.

அதற்காக விங் சுன்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. எடை இரு காலிலும் சமமா, பின்காலிலா என்று இப் மான் வழிவந்தவர்களுக்குள்ளேயே இன்றும் சண்டை. ஹுங் காரின் தாழ்ந்த குதிரையைக் கேலி செய்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள்: அது பயிற்சிக்கான ஆழம். மோதலில் அவர்களும் உயர்ந்துதான் நிற்பார்கள், ஆனால் அந்தப் பயிற்சியில் உரமேறிய கால்களோடு.

வயதும் நேரமும் இருந்தால் நான் ஹுங் காரையே சொல்வேன். சின்ன அறை, குறைந்த நேரம் என்றால் விங் சுன். ஒன்று மட்டும்: பாதத்தை உள்ளே திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முட்டியை முறுக்கி நிற்கச் சொல்லும் வகுப்பில் சேராதீர்கள்.