ஷெரிஃப் துறையின் ஆண்டு ஒப்பந்தங்கள்: மிச்சமாகும் காசு யார் பைக்குப் போகிறது?

அமெரிக்காவில் எந்தக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) வாரியத்தின் நிகழ்ச்சிநிரலைத் திறந்தாலும் 'கன்சென்ட் அஜெண்டா' என்றொரு பகுதி இருக்கும். பல தீர்மானங்களை விவாதமே இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக நிறைவேற்றுகிற பகுதி அது. கவுண்டியின் காவலையும் சிறையையும் நடத்தும் ஷெரிஃப் துறையின் ஆண்டு ஒப்பந்தங்களில் பல இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும்: கைதிகளுக்கு மருத்துவம், சாப்பாடு, தொலைபேசி, டெபுடிகளின் (ஷெரிஃபின் காவலர்களின்) சட்டையில் மாட்டும் கேமரா, பதிவேட்டு மென்பொருளின் பராமரிப்பு. கலிஃபோர்னியாவில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குவதால் மே, ஜூனில் இவை வரிசைகட்டி வரும். டெக்சஸின் பல கவுண்டிகளில் அக்டோபர் 1 என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரில்.

ஷெரிஃப் என்பவர் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். வாரியத்துக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல. துறையை இப்படி நடத்து, அப்படி நடத்து என்று வாரியம் அவருக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் கல்லாச் சாவி வாரியத்திடம். அந்தப் பிடி உண்மையில் கைக்குச் சிக்குவது இந்த ஒப்பந்தங்களில்தான். அதையும் படிக்காமல் கைதூக்கி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழிகள் உண்டு. எது மேல் என்று பார்க்க, மொத்தத் தொகையைவிட இன்னொரு கேள்வி எனக்கு உதவுகிறது: சொன்ன வேலை சொன்னபடி நடக்காவிட்டால், அதில் மிச்சமாகும் காசு யாரிடம் தங்குகிறது?

சிறை மருத்துவம்

இருப்பதிலேயே ஆபத்தான ஒப்பந்தம் இது. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது, கொடூரத் தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தை மீறுவதாகும் என்று 1976-ல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவுண்டி சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானவர்கள் இன்னும் வழக்கே முடியாதவர்கள். அவர்களுக்கும் பதினான்காவது திருத்தத்தின் வழியே இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆக, வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். செலவோ முழுக்கக் கவுண்டியின் தலையில். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீடு 1965-ல் வந்தபோதே சிறைக்குள் இருப்பவர்களை விலக்கிவிட்டது. வெளி மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாகச் சேர்த்தால் மட்டும் விதிவிலக்கு. 2023-ல் கலிஃபோர்னியா விடுதலைக்கு முந்தைய 90 நாட்களுக்குச் சில சேவைகளை மெடிகெய்டில் சேர்க்கச் சிறப்பு அனுமதி வாங்கியது. அந்த அளவில்தான் கதவு திறந்திருக்கிறது.

முதல் வழி, தனியார் நிறுவனம். வெல்பாத், நாஃப்கேர் போன்றவை இந்தத் துறையின் பெரிய கைகள். ஒப்பந்தம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: சராசரியாக இத்தனை கைதிகள் என்று வைத்து ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை. எண்ணிக்கை கூடினால் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல். வெளி மருத்துவமனைச் செலவுக்கு ஒரு வரம்பு. அதுவரை நிறுவனம் ஏற்கும், தாண்டினால் கவுண்டி. காகிதத்தில் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரம்புக்குள் கூப்பிடாமல் விட்ட ஒவ்வொரு ஆம்புலன்ஸும் நிறுவனத்துக்கு லாபம். நெஞ்சுவலி என்று ஒருவர் இரவு இரண்டு மணிக்குச் சொல்கிறார்; அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்த நிறுவனத்தின் சம்பளம் வாங்கும் நர்ஸ்.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு பணியாளர் அட்டவணை இருக்கும். பகல் ஷிஃப்டில் இத்தனை நர்ஸ்கள், இரவில் இத்தனை, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் மருத்துவர், இத்தனை மணி நேரம் மனநல மருத்துவர். வாரிய உறுப்பினர் ஒரே ஒரு பக்கம் படிப்பதாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். படித்துவிட்டு, ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்த மணி நேரங்களுக்கான பணம் திரும்பி வருமா என்று தேடட்டும். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், நர்ஸ் இடம் ஆறு மாதம் காலியாக இருந்தாலும் கவுண்டி முழுத்தொகையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

2020-ல் ராய்ட்டர்ஸ் 500-க்கும் மேற்பட்ட சிறைகளின் மரணக் கணக்கை எடுத்து ஆராய்ந்தது. 2016 முதல் 2018 வரை, ஐந்து பெரிய நிறுவனங்களிடம் மருத்துவத்தை ஒப்படைத்திருந்த சிறைகளில், அரசே நடத்திய சிறைகளைவிட மரண விகிதம் அதிகம். நிறுவனத்தைப் பொறுத்து 18 முதல் 58 சதவீதம் வரை. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது, சிறைக்குச் சிறை கைதிகளின் உடல்நிலை வேறுபடும். ஆனாலும் 18 என்பதே சின்ன எண் இல்லை.

தனியாரிடம் விடுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், 'வழக்கு வந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்' என்பது. ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கோரைசன் என்ற பெரிய நிறுவனம் 2022-ல் தன்னை இரண்டாகப் பிரித்து, வழக்குக் கடன்களையெல்லாம் டெஹம் என்ற புதுப்பெயரின்மேல் இறக்கிவைத்தது. 2023 பிப்ரவரியில் டெஹம் திவால் மனு போட்டது. 2024 நவம்பரில் வெல்பாத்தும் திவால் பாதுகாப்பு கோரியது. அப்படி மனு போட்ட நாளிலேயே வழக்குகள் நின்றுபோகும். இழப்பீட்டுப் பிரிவை வைத்துக்கொண்டு கவுண்டி என்ன செய்யும்? வேலையை வெளியே கொடுத்ததால் அரசின் அரசியலமைப்புக் கடமை வெளியே போய்விடாது என்று 1988-லேயே வெஸ்ட் எதிர் ஆட்கின்ஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நிறுவனம் மூழ்கினாலும் கவுண்டி கரையில் நிற்க முடியாது.

இரண்டாவது வழி, கவுண்டியே ஆள் வைத்து நடத்துவது. லாஸ் ஏஞ்சலஸ் வாரியம் 2015-ல் சிறை மருத்துவத்தைக் கவுண்டியின் சுகாதாரச் சேவைத் துறைக்கு மாற்ற முடிவு செய்தது. மூன்றாவது, உள்ளூர்ப் பொது மருத்துவமனை. டாலஸ் கவுண்டி சிறையை 2006 முதல் பார்க்லேண்ட் மருத்துவமனை பார்க்கிறது; ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2022-ல் ஹாரிஸ் ஹெல்த் ஏற்றுக்கொண்டது. நியூயார்க் நகரமும் 2015-ல் கோரைசன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, ரைக்கர்ஸ் தீவுச் சிறையின் மருத்துவத்தை நகர மருத்துவமனைகளிடம் கொடுத்தது. இதனால் அந்தச் சிறைகளில் சாவே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ரைக்கர்ஸைப் பற்றி அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு ஸ்கேன் எடுக்காமல் விட்டால் யாருக்கும் லாபப் பங்கு போகாது, அவ்வளவுதான். சிறையில் பார்த்த அதே நோயாளி வெளியே வந்தபின் அதே மருத்துவமனைக்குத்தான் வருவார், அவருடைய ஃபைலும் அங்கேயே இருக்கும். பெரிய கவுண்டி என்றால் எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடிக்கும்.

ஆனால் நாற்பது படுக்கைச் சிறை வைத்திருக்கும் ஒரு கிராமப்புறக் கவுண்டியிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அங்கே பொது மருத்துவமனையே ஐம்பது மைல் தள்ளி இருக்கலாம். மனநல மருத்துவரை அந்த ஊருக்குக் குடிவரச் செய்ய எந்த வாரியத்தாலும் ஆகாது. அங்கே தனியார் ஒப்பந்தமே நடைமுறை. மொத்தத் தொகைக்குப் பதிலாக ஆன செலவும் நிர்ணயித்த கட்டணமும் என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாம். முடியாதென்றால், வெளி மருத்துவமனை ஒதுக்கீட்டில் மீதமாவது கவுண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே நள்ளிரவு நெஞ்சுவலிக் கணக்கு மாறிவிடும்.

தொலைபேசி

மற்ற ஒப்பந்தங்களில் கவுண்டி பணம் கட்டும். இதில் கவுண்டிக்குப் பணம் வரும். அதனால்தான் வாரியத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. செக்யூரஸ், வயாபாத் (முன்பு ஜிடிஎல்) இரண்டும்தான் சந்தையின் பெரும்பகுதி. கைதியின் வீட்டார் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டுவார்கள், அதில் ஒரு பங்கு கமிஷனாகச் சிறைக்கு வரும். இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்டால் விலை குறைய வேண்டும் அல்லவா? இங்கே போட்டி, கவுண்டிக்கு யார் அதிகக் கமிஷன் தருகிறார்கள் என்பதில். கட்டுபவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். கலிஃபோர்னியாவில் இந்தக் கமிஷன் ஷெரிஃப் நிர்வகிக்கும் கைதிகள் நல நிதிக்குப் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கைதியின் தாயிடம் வாங்கி கைதிக்கு நலம் செய்வது!

மாற்று வழியை சான் ஃபிரான்சிஸ்கோ 2020-ல் காட்டியது. அழைப்பு இலவசம், நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் அல்லாமல், பொருத்தியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மாதம் இவ்வளவு என்று நகரமே கட்டும். இப்படியானால் அழைப்புகள் பெருகினாலும் செலவு பெருகாது.

நடுவே கூட்டாட்சி அரசின் சட்டம் வேறு. தன் பேரனோடு பேசும் கட்டணத்தை எதிர்த்து 2003-ல் மார்த்தா ரைட் என்ற பாட்டி கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார். அவர் பெயரிலேயே 2023 ஜனவரியில் சட்டம் வந்தது. 2024 ஜூலையில் ஆணையம் பெரிய சிறைகளுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்று உச்சவரம்பு வைத்து, கமிஷனையும் தடை செய்தது. 2025-ல் அதே ஆணையம் அமலாக்கத்தைத் தள்ளிவைத்து வரம்பையும் உயர்த்திவிட்டது. விதி இப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது ஐந்தாண்டுக் கமிஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அசட்டுத் துணிச்சல். இங்கே மட்டும் ஓராண்டே போதும் என்பேன்.

சாப்பாடு

சமையலைச் சிறையே நடத்துவதா, அராமார்க், டிரினிட்டி போன்ற நிறுவனத்திடம் விடுவதா? மருத்துவத்தில் அரசே நடத்துவதைப் புகழ்ந்தேன். இங்கே அலபாமாவைப் பார்த்தால் கொஞ்சம் நிதானம் வரும். கைதிக்கு நாளொன்றுக்கு 1.75 டாலர் என்று அப்போது மாநிலம் கொடுத்துவந்தது. பழைய சட்டப்படி மிச்சம் பிடித்ததை ஷெரிஃபே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே பொருள்கொண்டார்கள். மார்கன் கவுண்டி ஷெரிஃப் கிரெக் பார்ட்லெட் மூன்று ஆண்டில் சுமார் 2,12,000 டாலர் மிச்சம் பிடித்தார். ஒரு லாரி கார்ன்டாகை (மக்காச்சோள மாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜ்) மலிவாக வாங்கி வாரக்கணக்கில் அதையே போட்டதும் அம்பலமானது. 2009-ல் கூட்டாட்சி நீதிபதி அவரையே ஒரு ராத்திரி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகும் 2018-ல், சாப்பாட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்ட எடோவா கவுண்டி ஷெரிஃபின் கடற்கரை வீடு செய்தியானது. 2019-ல்தான் சட்டத்தை மாற்றி அந்த வழியை அடைத்தார்கள்.

தனியார் பக்கத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிறைச் சாப்பாடு போடும் டிரினிட்டியும், சிறைக் கடையில் நூடுல்ஸ், சிப்ஸ் விற்கும் கீஃப் குழுமமும் 2016-ல் ஒரே குடையின்கீழ் வந்தன. தட்டில் போடுவது வாயில் வைக்க முடியாதபடி இருந்தால் கடையில் வியாபாரம் நடக்கும். இரண்டு ஒப்பந்தமும் ஒரே குழுமத்துக்குப் போகிறதா என்று பார்த்தாலே போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

கேமராவும் மென்பொருளும்

என் கேள்வி இங்கே அவ்வளவாக உதவாது. கேட்க வேண்டியது வேறு: வெளியேற வழி இருக்கிறதா? மின்அதிர்ச்சித் துப்பாக்கி செய்யும் டேசர் நிறுவனம் 2017 ஏப்ரலில் ஆக்சான் என்று பெயர் மாற்றிக்கொண்ட கையோடு, எல்லாக் காவல்துறைக்கும் ஓராண்டு உடல் கேமரா இலவசம் என்றது. யானையைச் சும்மா கொடுத்துவிட்டுத் தீனிக்கு மாதாமாதம் வாங்கும் வியாபாரம். பதிவுகள் அவர்களுடைய சேமிப்பகத்தில் குவிந்தபின், கேமராவை மாற்றினாலும் பழைய வீடியோக்களை அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு. கொலை வழக்கின் பதிவைப் பல பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே 'வருடா வருடம் புதுப்பித்தால் சுதந்திரம், ஐந்தாண்டு என்றால் அடிமைச்சாசனம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. வீடியோ அவர்களிடம் இருக்கும்வரை ஓராண்டு ஒப்பந்தமும் பூட்டுத்தான், விலையேற்றம் மட்டும் மிச்சம். ஐந்தாண்டுத் தொகுப்பில் நடுவே புதுக் கேமரா வரும், விலையும் நிலையாக இருக்கும். வாரியம் நிதி ஒதுக்காவிட்டால் ஒப்பந்தம் முடியும் என்ற பிரிவும், விலகும்போது எல்லாப் பதிவையும் கூடுதல் கட்டணமின்றி ஒப்படைக்கும் பிரிவும் இருந்தால் ஐந்தாண்டே மேல். போட்டியை நம்பி ஓராண்டு போடுவதில் பயனும் குறைவு: 2018-ல் ஆக்சான் தன் போட்டியாளர் வியூவூவையே வாங்கியது, கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2020-ல் தொடுத்த வழக்கை 2023-ல் கைவிட்டது. 2019-ல் மோட்டரோலா, இன்னொரு கேமரா நிறுவனமான வாட்ச்கார்டை வாங்கியது.

டெண்டர் இல்லாமல் வாங்குவதற்கு ஆதாரமாக ஒரு கடிதம் இணைத்திருப்பார்கள். 'இதை எங்களைத் தவிர யாரும் தர முடியாது' என்று நிறுவனமே எழுதிக்கொடுத்தது. வேலிக்கு ஓணான் சாட்சி. மின்னசோட்டாவின் சோர்ஸ்வெல் போன்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு ஏற்கனவே டெண்டர் விட்டு முடித்த விலையில் சேர்ந்துகொள்வது அதற்கு எவ்வளவோ மேல். டைலர், சென்ட்ரல்ஸ்கொயர் போன்றோரின் பதிவேட்டு மென்பொருள் பராமரிப்பு கன்சென்ட் அஜெண்டாவிலேயே போகட்டும். அதை ஆண்டுதோறும் கிண்டிப் பயனில்லை.

எப்போது கேட்பது

எந்த உறுப்பினரும் கன்சென்ட் பட்டியலிலிருந்து ஒரு தீர்மானத்தைத் தனியே எடுத்து விவாதிக்கக் கோரலாம். ஆனால் ஜூன் மாதக் கூட்டத்தில் எழுந்து சிறை மருத்துவத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அப்போ ஜூலை 1-லிருந்து சிறையில் நர்ஸ் வேண்டாமா?" டெண்டர் தயாரித்து, விண்ணப்பம் வாங்கி, ஆள் மாற்றிக் கைமாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பது ஷெரிஃப் அலுவலகத்துக்கும் தெரியும், நிறுவனத்துக்கும் தெரியும். அந்த நிலையில் இருப்பது இரண்டு வழிகள்: பன்னிரண்டு மாதம் அப்படியே புதுப்பிப்பது, அல்லது ஆறு மாத நீட்டிப்பு கொடுத்து அதே தீர்மானத்திலேயே டெண்டர் தேதியைக் குறிப்பது. ஆறு மாதத்துக்கு நிறுவனம் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கும். மருத்துவத்துக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடலாம். டிசம்பரில் மேசைமேல் இரண்டாவது விலைப்பட்டியல் ஒன்றாவது இருக்கும்.