டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம்: விற்கப்படாத ஓவியங்கள், வெட்டப்பட்ட ஓய்வூதியம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில், உட்வர்ட் அவென்யூவில் உள்ள இந்த அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். வெய்ன், ஓக்லாண்ட், மகோம்ப் ஆகிய உள்ளூர் கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) குடியிருப்பவர்களுக்கு அனுமதி இலவசம். மற்றவர்கள் கொடுக்கும் கட்டணத்துக்கு, மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33இல் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துத் தீட்டிய 27 சுவரோவியங்களே போதும்.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது பதினாறாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் புரூகலின் 'திருமண நடனம்' ஓவியத்தின் முன்புதான். 1930இல் நகரத்தின் பணத்தில் வாங்கிய இந்தப் படம் ஏலத்துக்குப் போயிருக்க வேண்டியது. சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு 2013 ஜூலையில் டெட்ராய்ட் திவால் மனு போட்டபோது, நகரத்துக்குச் சொந்தமான படங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது; கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இதற்கு மட்டுமே 10 முதல் 20 கோடி டாலர் வரை விலை மதித்தது. அந்தக் கடனில் ஒரு பங்கு நகர ஊழியர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியம். அதில் கைவைக்கக் கூடாது என்று மிச்சிகன் அரசியல் சட்டம் சொல்லியிருந்தும், திவால் வழக்கில் அந்தப் பாதுகாப்பு நிற்காது என்று நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்பளித்தார்.

அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 20 ஆண்டுகளில் சுமார் 81.6 கோடி டாலர் ஓய்வூதிய நிதிக்குத் தர முன்வந்ததால் படங்கள் சுவரிலேயே தங்கின. ஓய்வூதியமும் பெரும்பாலும் தப்பியது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும்: பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டப்பட்டதோடு, விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வும் நின்றுபோனது. போலீசாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் ஆண்டு உயர்வு பாதிக்கும் கீழே இறங்கியது. மருத்துவச் செலவுக்கான உதவியில் விழுந்த வெட்டு இவற்றைவிட மிக ஆழமானது.

தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியாமல் கிடந்த ஊரில், பழைய வாக்குறுதிக்காக இன்றைய குடிமக்கள் எவ்வளவுதான் கொடுப்பார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், ஆபத்தை எடைபோட்டு வட்டிக்காகக் கடன் பத்திரம் வாங்கியவரையும், செய்த வேலைக்கான கூலியில் ஒரு பங்கை முதுமைக்கென்று நகரத்திடம் விட்டுவைத்த குப்பை லாரி ஓட்டுநரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓய்வூதியக்காரர்களுக்குப் பத்திரக்காரர்கள் பலரைவிடக் கூடுதலாகக் கிடைத்ததை நான் சலுகையாகக் கருதவில்லை; இன்னும் கூடுதலாகவே கிடைத்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் புரூகலை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ரிவேராவின் கூடத்துக்கு வாருங்கள். எஞ்சின் கட்டையை இழுத்துக்கொண்டு முதுகு வளைந்து நிற்கும் அந்த மனிதர்கள், அந்த வரிசையில் பார்க்கும்போது, நகரத்துக்குக் கடன் கொடுத்தவர்களாகத் தெரிவார்கள்.