பண்டாரவளைப் பக்கம் வீடு வாங்குவோர் கவனத்துக்கு: நாங்கள் காசு கொடுத்துப் பெற்ற பரிசோதனை அறிக்கை

பண்டாரவளைக்கு அருகே சரிவை வெட்டிக் கட்டப்பட்ட பழைய வீடொன்றை வாங்குவதற்கு முன்னர், வீடுகளைத் தொழில்முறையாகப் பரிசோதித்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் கணிசமான கட்டணம் செலுத்தி அறிக்கை பெற்றோம். கட்டமைப்பு நல்ல நிலையில் உள்ளது என்று அந்த அறிக்கை கூறியது. அதை வைத்து உறுதி முடித்தோம். அடுத்து வந்த ஐப்பசி மழையிலேயே வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வீட்டை நோக்கிச் சாய்ந்துவிட்டது. முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை அறிந்திருந்தால் இதே வேலையை வேறு பெயரில் செய்பவரையும் அடையாளம் காணலாம் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

பரிசோதகர் வந்தது ஆவணி மாதத்தில். ஊவாப் பக்கம் அப்போது கச்சான் காற்று வீசும் காலம். எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். ஈரப்பதம் அளக்கும் கருவியோ ஏணியோ அவரிடம் இருக்கவில்லை. அறைக்கு அறை கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். சீலிங்கின் மேலே ஏறுவதற்கென்றே வைத்திருந்த பலகையைத் திறக்கவில்லை. பின்புறத்தில் புதர் மண்டியிருந்ததால் சமையலறை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் எல்லாம் முடிந்தது. சாதாரண அளவிலான வீட்டைக் கூரை முதல் அத்திவாரம் வரை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணித்தியாலங்களாவது செல்லும். வீட்டைக் காட்டிய புரோக்கரே இவர்களுடைய தொலைபேசி இலக்கத்தையும் எங்களுக்குத் தந்தார் என்பதை வாசிப்பவர்கள் குறித்துக்கொள்ளவும். விற்பனை நடந்தால்தான் தரகு கிடைக்கும் என்ற நிலையில் உள்ள ஒருவர், விற்பனையை நிறுத்தக்கூடிய பரிசோதகரைத் தேடிப் பிடித்துத் தரமாட்டார்.

அறிக்கை வண்ணப் படங்களோடு தடிமனாக வந்தது. நிதானமாக வாசித்தபோதுதான் அதன் இலட்சணம் தெரிந்தது. கூரை பனிச் சுமையைத் தாங்கும் நிலையில் உள்ளது என்று ஓரிடத்திலும், நிலக்கீழ் அறையின் வெப்பமூட்டும் உலை பரிசோதிக்கப்படவில்லை என்று இன்னோரிடத்திலும் எழுதியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே உள்ள ஊரிலுள்ள வீட்டில் கடற்காற்றின் உப்பு அரிப்புக் காணப்படவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அது மட்டும் உண்மை. குளிர்நாடு ஒன்றுக்கும் கரையோர ஊர் ஒன்றுக்கும் எழுதிய படிவங்களில் எங்கள் முகவரியை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு என்னால் வரமுடியவில்லை.

சுவர் வெடிப்புகளைப் பற்றி அறிக்கை சொன்னது 'அழகு சார்ந்தவை' என்பது மட்டுமே. உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்தின் சுரங்கப் பாதைக்குள் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்த பின்னர் பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் இப்பகுதியார் அனைவரும் அறிந்ததே. அதனாலேயே இங்கு எந்த வெடிப்பைக் காட்டினாலும் விற்பவர் "அது உமா ஓயா வெடிப்பு, பழையது" என்று சொல்லிவிடுகிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்பு வேறு, யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சரிந்து இறங்கும் வெடிப்பு வேறு. நின்றுபோன வெடிப்பு வேறு, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் வெடிப்பு வேறு. இவற்றைப் பிரித்துச் சொல்லத்தான் பரிசோதகருக்குக் காசு கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளின் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் புதிதாகப் பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஏன் அந்தப் பக்கத்துக்கு மட்டும் என்ற கேள்வி அறிக்கையில் எழவே இல்லை.

சுவர் சாய்ந்த பின்னர் நாங்கள் அழைத்து வந்த பட்டயப் பொறியியலாளர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் காணியைத்தான் பார்த்தார். மேட்டுப் பக்கம் ஏறி, மண்ணில் பிளவு ஓடுகிறதா, மரங்கள் சரிந்து நிற்கின்றனவா, முன்பு இல்லாத ஊற்று ஏதும் கசிகிறதா, வரும் நீர் தெளிவாக வருகிறதா மண் கலங்கி வருகிறதா என்று நடந்து பார்த்தார். தடுப்புச் சுவரில் நீர் வெளியேறுவதற்காக விடப்பட்டிருந்த துளைகள் எல்லாவற்றையும் யாரோ சீமெந்து வைத்து அடைத்திருந்ததை அவர்தான் காட்டினார். சுவரின் பின்னால் தேங்கிய மழைநீர் போக வழியின்றி, ஊறிய மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளியிருக்கிறது. மேல் காணியிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடும் கான் மண் நிரம்பி மூடிக் கிடந்தது. கூரைப் பீலியின் குழாயும் அந்தச் சுவரின் அடியிலேயே நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. இவற்றில் ஒன்றையாவது காண்பதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. புதரை விலக்கிக்கொண்டு நாலடி நடந்திருந்தால் போதும். உள்ளே இருந்த வெடிப்புகளின் இரு முனைகளிலும் அவர் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவைத்தார். வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் நகர்கிறது என்று பொருள்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு மனிதர்களை மண் மூடிய பதுளை மாவட்டம் இது. இங்கே காணியின் சரிவைப் பார்க்காத பரிசோதனைக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது பரிசோதனை ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

மின் இணைப்பிலும் இதே கதைதான். மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்பட்டிருப்பதாக எழுதினார்களே தவிர, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. நாங்கள் அழுத்தினோம், அது விழவில்லை.

நிறுவனத்தோடு பேசியபோது, கண்ணுக்குத் தெரியும் பகுதிகளை மட்டுமே பார்ப்போம் என்றும், பொறுப்பு செலுத்திய கட்டணத்துக்கு மேற்படாது என்றும் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்துகளைக் காட்டினார்கள். முதல் நிபந்தனையை நான் குறை சொல்லமாட்டேன். எந்த நாட்டிலும் வீட்டுப் பரிசோதனை என்பது சுவரைத் துளைக்காமல், தரையைப் பெயர்க்காமல் பார்ப்பதுதான். மறைந்திருக்கும் குழாய் ஒன்று பின்னர் வெடித்தால் பரிசோதகரைக் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. ஆனால் பார்க்காமல் விட்ட இடத்தைப் பார்க்கவில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டும், ஏன் பார்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பின்புறத்துக்கு நேரே 'திருப்திகரம்' என்று அடையாளமிட்டிருந்ததைக் காட்டியபோது அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

வீட்டுப் பரிசோதகர் என்று சொல்லிக்கொள்வதற்கு நம் நாட்டில் தனியான உரிமம் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆனால் பொறியியலாளர் என்று வருபவர் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு இலக்கத்தை முதல் அழைப்பிலேயே கேளுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து போனார், அதுவே போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர் பார்ப்பது கடனுக்கு ஈடாகக் காணியும் கட்டடமும் என்ன விலை பெறும் என்பதைத்தான். கூரை ஒழுகுவதைச் சொல்வது அவர் வேலையல்ல. காணி எந்த அளவு அபாயமுள்ள வலயத்தில் விழுகிறது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்களில் அறியலாம். மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். வீட்டின் அனுமதி பெற்ற வரைபடத்தைப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ கேட்டு, இப்போது நிற்கும் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பின்னறை அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. முடிந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு தடவை நேரில் போய் நின்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுப்பது நல்லது. விற்பவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

எங்களைப் போல ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அழைப்பு இலக்கம் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு சேரவேண்டும். வெயில் காலத்தில் நடந்த பரிசோதனையின் குறை மழை காலத்தில்தான் வெளிப்படும் என்பதால் இந்தக் காலக்கெடு மலையகத்தில் மிக எளிதாகக் கடந்துபோய்விடும். நாங்களும் அதைத் தவறவிடாமல் மயிரிழையில்தான் தப்பினோம். பற்றுச்சீட்டு, அறிக்கை, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், சுவரின் படங்கள், பொறியியலாளரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளோம். விசாரணையின் முடிவு வந்ததும் அதையும் எழுதுவேன்.