ஹெரால்டின் டிக்கியை நேராக்கிய புதுப்பேட்டைப் பட்டறை

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய டிங்கரிங் பட்டறை இது. சென்னை புதுப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அம்பாசடர் பானெட்டுகள்தான் அடையாளம். நடத்துபவர் எழுபதை நெருங்கும் மேஸ்திரி, தெருவுக்கே ‘பாய்’. அப்பா வாங்கிய எங்கள் 1964 இரண்டு கதவு ஹெரால்டின் டிக்கி மூடியை அவரிடம்தான் சரிசெய்தேன். வேலை முதல் தரம். சொன்ன தேதியில் மட்டும் வண்டி கைக்கு வராது.

மூடியைச் சாத்தினால் வலது மூலை பாடியைவிட இரண்டு நூல் (கால் அங்குலம்) தூக்கி நிற்கும். இடது ஓரம் இடைவெளியே இல்லாமல் உரசி, பெயிண்ட் போய்த் தகடு தெரிய ஆரம்பித்துவிட்டது. மழை பெய்தால் டிக்கிக்குள் தண்ணீர். இதற்கு முன்பு வேறொரு பட்டறையில், கீல் பக்கம் மரக்கட்டையைக் கொடுத்து மூடியை அழுத்தி வளைத்துவிட்டு, மேலே பட்டி பூசிப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே பட்டி வெடித்தது, மூலையும் பழையபடி தூக்கிக்கொண்டது. அறுபது வருஷத் தகடு அது. ஒரு தடவை வளைத்துக் கெடுத்தால் மாற்று மூடிக்கு எங்கே போவது?

பாய் முதலில் டிக்கியைத் தொடவே இல்லை. இரண்டு பக்கக் கதவையும் மெதுவாகத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். வலது கதவுக்குப் பின்னால் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்ததை விரலால் தடவிக் காட்டினார். “மூடி மேல தப்பில்லம்மா. ஒரு கால் குட்டையான கட்டில் மாதிரி உடம்பு கோணிக் கிடக்கு. கீழ பார்க்கணும்” என்றார்.

ஹெரால்டைத் தெரிந்தவர் பேச்சு அது. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது, மற்ற கம்பெனிகள் பாடியும் சேஸியும் (அடிச்சட்டம்) ஒன்றாக இருக்கும் கட்டமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டுக்கு மட்டும் தனி சேஸி. அதன்மேல் துண்டு துண்டான பாடியை போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் நம் மெட்ராஸிலேயே தயாரான வண்டியும் அப்படித்தான். பின்பக்கத் துண்டு உட்காரும் இடத்தில், சேஸியிலிருந்து நீண்டு வரும் கைகள் துருப்பிடித்தாலோ, நடுவில் வைத்த பேக்கிங் நசுங்கினாலோ அந்தத் துண்டு முறுக்கிக்கொள்ளும். டிக்கியின் வாய் கோணும். நேராக இருக்கும் மூடி கோணலாகத் தெரியும்.

டிக்கி வாயின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து இதை நிரூபித்தார் பாய். இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும், வரவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் வலது பின்கை அரித்துப்போய்க் கிடந்தது. பேக்கிங் இல்லாத இடத்தில் யாரோ போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கிப் பாடியைக் கீழே இழுத்துவிட்டிருந்தார்கள்.

அரித்த பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். பெல்ட் ரப்பரில் பேக்கிங் வெட்டிப் போட்டார்கள். பாடி போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, நூல் சமமாக வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்கினார்கள்.

அப்புறம்தான் மூடிக்கே வந்தார். ரப்பர் பீடிங்கைக் கழற்றிவிட்டு, லாக் மாட்டும் கொக்கியையும் எடுத்து வைத்துவிட்டார். கொக்கி இருந்தால் அது மூடியைத் தன் பக்கம் இழுத்து, கீலின் தப்பை மறைத்துவிடுமாம். கீல் போல்ட்டைத் தளர்த்தி, உள்ளங்கையால் தட்டித் தட்டி நகர்த்தி, சுற்றிலும் ஒரே அட்டைத் துண்டை இடைவெளியில் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் பீடிங் மேல் சாக்பீஸ் தடவி மூடியைச் சாத்தித் திறந்தார். உள்பக்க விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் கோடு இல்லை. அந்த இடத்தில் பீடிங் உட்காரும் மடிப்பைக் கட்டையும் சுத்தியலும் வைத்து மெல்ல நிமிர்த்தி, மறுபடி சாக்பீஸ் தடவினார். கோடு முழுசாக வந்த பிறகே கொக்கியை மாட்டினார். பக்கத்தில் நின்று இதைப் பார்ப்பதற்கே போகலாம்.

இப்போது டிக்கி ஒரு விரலால் அழுத்தினாலே பூட்டுகிறது. கேட்காமலேயே வலது கதவும் சுத்தமாகச் சாத்துகிறது. இந்த வடகிழக்குப் பருவமழையில் டிக்கிக்குள் போட்ட விரிப்பு நனையவில்லை.

குறை என்று பார்த்தால், ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்டால் “வேலை நடக்குதும்மா” என்பதோடு சரி, நேரில் போனால்தான் விவரம் தெரியும். வெல்டிங் செய்யும்போது சீட்டை மூடி வைக்கச் சொல்லி நாமேதான் கேட்க வேண்டும். நான் வீட்டிலிருந்து பழைய போர்வை கொண்டுபோனேன். ரசீது தரமாட்டார்கள், துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தருவார்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆனது. முந்தைய பட்டறையில் வெறும் பட்டிக்கும் பெயிண்டுக்கும் கொடுத்ததைவிடக் குறைவு. இங்கே பெயிண்ட் அடிப்பதில்லை, பிரைமரோடு நிறுத்திவிடுவார்கள்.

பீடிங்கை நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது. கடையில் கிடைக்கும் இப்போதைய கார்களின் பீடிங் தடிமனாக இருந்தால், நேரான மூடியைக்கூட அது தூக்கிவிடும். பழையதில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் பாய் இருப்பார்.