லாட்ஜ் அறைப் பதிவுக்கு பாட்டிலா, பிளாஸ்க்கா?

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றுக்கு அறைப் பதிவு மென்பொருள் எழுத ஜாங்கோ என்ற பெரிய பைத்தான் ஃபிரேம்வொர்க் (இணையச் செயலி எழுத உதவும் சட்டகம்) வரை போக வேண்டியதில்லை. பாட்டில் என்ற சின்ன ஃபிரேம்வொர்க் ஒரே பைத்தான் கோப்பு. வெளி நூலகம் எதுவும் கேட்காது. ஆனால் அதோடு வரும் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். கவுன்ட்டரில் இரண்டு பேர் சேர்ந்து பதிவு போட்டால் ஒருவர் காத்திருக்கணும். பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் வெயிட்ரஸ் என்ற சர்வரை நிறுவி, செயலியைத் தொடங்கும் ரன் வரியில் சர்வர் பெயராக அதைக் கொடுத்தால் தீர்ந்தது.

லாகின், படிவச் சரிபார்ப்பு எல்லாம் வேண்டுமென்றால் 2010-இல் வந்த பிளாஸ்க் என்ற இன்னொரு சின்ன ஃபிரேம்வொர்க்தான் என் தேர்வு. கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சிகள் அதற்குத்தான் அதிகம். பிழை தேட உதவும் டீபக் மோடை மட்டும் லாட்ஜில் ஓட்டும்போது கட்டாயம் அணையுங்கள். இல்லாவிட்டால் பிழைப் பக்கம் வழியாகவே வெளியாள் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்ட வழி திறந்துவிடும்.

பதிவுகளைச் சேமிக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் 'டேட்டாபேஸ் லாக்ட்' (தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது) என்று பிழை வந்தால் ஜர்னல் மோடை டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) ஆக்குங்கள். எழுதும் வேலை முடிந்ததும் உடனே கமிட் செய்து மாற்றத்தை உறுதியாக்குங்கள்.