குப்பை வாளியில் வாசித்த பைலா

"டிரம்ஸ் அடிச்சா கையெல்லோ நோகவேணும், உமக்கு ஏன் கால் நோகுது?"

இதைக் கேட்டவர் ஒரு ஸ்பெஷலிஸ்ட். கொழும்பு வெள்ளவத்தையில் மாமி வீட்டிலிருந்து நொண்டி நொண்டி இறங்கி, ஓட்டோ பிடித்து, 5.30க்குச் சனல் பண்ணிய (முன்பதிவு செய்த) 27ஆம் நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மணி தாண்டும்வரை இருந்து நான் வாங்கிய கேள்வி. டொக்டர் வந்ததே ஏழு மணிக்குத்தான். அவருடைய கண்ணுக்குள் மிருதங்கம் ஓடியிருக்க வேண்டும். கீழே ஒரு பெரிய டிரம் இருக்கிறது, அதைப் பெடலை மிதித்துத்தான் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கும்போதே எக்ஸ்ரேத் துண்டை எழுதி முடித்துவிட்டார். காசு கட்ட ஒரு கவுண்டர், படம் எடுக்க ஒரு மாடி, திரும்ப அதே கதவடி. எலும்பில் ஒன்றும் இல்லை. "குளிசை தாறன். கொஞ்ச நாளைக்கு அடிக்காதையும்." அவ்வளவுதான். நான் கதிரையை விட்டு எழும்ப முதலே கதவடியில் நின்ற நேர்ஸ் மிஸ் "28" என்று கூப்பிட்டுவிட்டா.

நான் இருக்கிற ரொறன்ரோவில் என்றால் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இங்கே போன் பண்ணிய அன்றே பார்க்கலாம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே காத்திருப்பது என் வீட்டில். இங்கே நோகிற காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில். சின்ன வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போன டிஸ்பென்சரி நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போவோம். சிவப்பு மருந்தை ஊற்றி, வேளைக் கணக்குக்குப் பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசியை ஒட்டித் தருவார்கள். அந்த டொக்டர் என் நாக்கைப் பார்த்துவிட்டுக் கணக்கில் எத்தனை மாக்ஸ் என்றும் கேட்பார். அங்கேயும் லைன்தான், ஆனால் உள்ளே போனால் ஆளைப் பார்ப்பார்.

சரி, கால் கதைக்கு வருகிறேன். மச்சாளின் கலியாணத்துக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கொட்டாஞ்சேனையில் தம்பிமார் பாண்ட் வைத்திருக்கிறார்கள், "அண்ணா நீங்களும் ஒரு செட் வாசியுங்கோ" என்றதும் வாய் ஓமென்றுவிட்டது. ரொறன்ரோவில் கொண்டோவில் எலெக்ட்ரிக் டிரம் பாட், கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து மெதுவாக மிதிக்கிற வாழ்க்கை. இங்கே ஒத்திகையில் அசல் டிரம் செட், கல்லு மாதிரி இறுகின பெடல் ஸ்ப்ரிங், அதற்கு மேல் ஆறு-எட்டுத் தாளத்தில் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடுகிற பைலா மெட்லி, எங்கள் ஊர் ஆட்டப் பாட்டுகளின் கோர்வை. குதியைத் தூக்கிக்கொண்டே மிதித்தேன். நாலாம் நாள் காலையில் கட்டிலால் இறங்கி டைல்ஸில் முதல் அடி வைத்தேன், குதிக்குப் பின்னால் யாரோ கம்பியை முறுக்கிய மாதிரி. பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும், பின்னேரம் பழையபடி. மாமி நல்லெண்ணெய் சூடாக்கிக்கொண்டு வந்தா. சுளுக்கு என்றா. விட்டுவிட்டேன்.

டொக்டர் துண்டின் அடியில் 'பிசியோ' என்று ஒரு சொல்லைக் கிறுக்கியிருந்தார். அதற்காக மட்டும் அவரை மன்னிக்கலாம்.

அடுத்த நாள் பிசியோவில் இருந்தது ஒரு பிள்ளை, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். முதல் கேள்வியே "பிளேனில எத்தனை மணித்தியாலம் இருந்தீங்கள் அண்ணா?" இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தா. நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். பிறகு குப்புறப் படுக்க வைத்துக் கெண்டையைப் பிசைந்தா. பாதம் தானாக அசைந்தது. "நல்லது, நரம்பு அறேல்ல." குதியைக் கெண்டையோடு இணைக்கிற தசைநாணைத்தான் நரம்பு என்றா. கடைசியில், யாருமே கேட்காத அந்தக் கேள்வி: "எப்பிடி அடிக்கிறனீங்கள், காட்டுங்கோ பாப்பம்."

எதில் காட்டுவது? சுற்றிப் பார்த்தா. மூலையில் மிதித்தால் திறக்கிற ஸ்டீல் குப்பை வாளி ஒன்று இருந்தது. அதைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தா.

நான் வாசித்தேன். வேறென்ன செய்வது? மூடி டப் டப்பென்று எழும்பி விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் தோளுக்குச் சூடு பிடித்துக்கொண்டிருந்த ஐயா முதலில் முறைத்தார், பிறகு மற்றக் கையால் கட்டிலில் தாளம் போடத் தொடங்கினார். பிள்ளை நிலத்தில் முழங்காலில் இருந்து என் குதியையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அண்ணா, முழங்கால் இடுப்பை விட மேல நிக்குது. கதிரை பதிவா, இல்லாட்டி அங்கயும் இப்பிடித்தான் இருக்கிறனீங்களோ?"

இரண்டு தலகாணியை அடியில் போட்டு இருத்தினா. தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் சரிந்தது, குதி அவ்வளவு துடிக்கவில்லை. பதிவாக, அதாவது தாழ்வாக, இருந்தால் தொடையால் காலைத் தூக்க இடமில்லை, வேலை முழுக்கக் கணுக்காலில் விழுகிறது. இருபது வருடமாக வாசிக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டு ஸ்டூலை அளவு பார்த்துப் பூட்டியபின் நான் தொட்டதே இல்லை.

பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஸ்டூலைப் பார்த்தேன். மரை தேய்ந்து போயிருக்கிறது. இரண்டு பாட்டுக்கு ஒருக்கால் ஓர் அங்குலம் இறங்குகிறது. கேட்டால், "அது எப்பவும் இறங்கும் அண்ணா" என்றான் தம்பி, மழை பெய்யும் என்கிற மாதிரி. காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் குழாயை இறுக்குகிற ஹோஸ் கிளிப் ஒன்று வாங்கித் தண்டில் இறுக்கினேன், நின்றுவிட்டது. பெடல் ஸ்ப்ரிங்கையும் தளர்த்தினேன். ஸ்பெஷலிஸ்டின் பில்லுக்கு அந்த மாதிரி எத்தனை கிளிப் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் நித்திரை வராது.

கலியாணத்தில் மூன்று பாட்டோடு எழும்பிவிட்டேன்.

பயணத்துக்கு முதல் நாள் திரும்பவும் அந்தப் பிள்ளையிடம் போனேன். படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்கச் சொன்னா: 15 தரம், மூன்று முறை, முழங்காலை நிமிர்த்தி ஒருக்கால், மடக்கி ஒருக்கால், காலையும் மாலையும், 12 கிழமை. நோவு குதி எலும்போடு ஒட்டுகிற இடத்தில் என்றால் படிக்குக் கீழே இறக்கக்கூடாதாம். எனக்கு இரண்டு விரல் மேலே, அதனால் இறக்கலாம். முழுக்க ஓய்வெடுத்தாலும் சரிவராது, அந்த நரம்புக்கு வேலை கொடுத்துத்தான் பலப்படுத்த வேண்டும் என்றா. பாரம் கூடினால் கொஞ்சம் நோகும், அடுத்த நாள் காலையில் கூடுதலாக நொந்தால் குறைக்கவேண்டும்.

ரொறன்ரோவில் 65 வயதுக்கு முதல் பிசியோவுக்குப் பெரும்பாலும் கைக்காசு, அல்லது வேலைத்தள இன்சூரன்ஸ். போட்டோக்கொப்பி அடித்த தாளைத் தந்து அனுப்புவார்கள். வாளி தரமாட்டார்கள்.

வெளிக்கிடும்போது மூலையைப் பார்த்தேன். மிதிக்கிற வாளியைக் காணவில்லை, மூடியே இல்லாத ஒரு பிளாஸ்டிக் வாளி நின்றது.

"மூடி கழண்டு போச்சு அண்ணா," என்றா. "மிஸ்ஸிட்ட நான் பேச்சு வாங்கினன்."